வெயிலுக்கு நகர்ந்த நாற்காலி

அத்தியாயம் 3

"அப்பா, பாட்டிலை யாருமே தொடலியே. அப்புறம் உள்ளே இருந்து யாரு உடைச்சா?"

லிசா இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. தம் தொழில் வாழ்க்கையில் எதிர்கொண்ட கேள்விகளிலேயே சிறந்தது அதுதான் என்று துப்பறியும் இக்னேஷியஸ் இன்றைக்கும் சொல்வார். அவருடைய மாமியார் மாதா கெபியிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்த, மாதா படம் ஒட்டிய தீர்த்த பாட்டிலை, 'மாதாவுக்கு வேர்க்கும்' என்று லிசா ஃப்ரீசருக்குள் வைத்துவிட்டாள். மறுநாள் காலையில் கண்ணாடி பாட்டில் பல துண்டுகளாகவும், தீர்த்தம் ஒரே துண்டாகவும் இருந்தன.

இக்னேஷியஸுக்கு விடை தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் கேட்டுக்கொள்ளச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தார். அவர் மனைவி டோரதிதான் விளக்கினார். "தண்ணி உறைஞ்சா அதுக்கு இருக்கற இடம் பத்தாதுடி. உங்கப்பா பிரியாணி சாப்பிட்டதும் பெல்ட்ட அவுக்கிறாரே, அந்த மாதிரி. பாட்டிலுக்கு பெல்ட் இல்ல, பாவம்."

லிசா இப்போது கல்லூரிக்குப் போகிறாள். அந்தக் கேள்வியோ ஜூன் மாத வெயிலில் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு வேனுக்கு அடியில் அவருக்காகக் காத்திருந்தது.

அன்று காலை அவருக்கு அது தெரியாது. லஸ் பக்கத்தில் நாட்டு மருந்துக் கடையின் மாடியில் இருக்கும் தம் அலுவலகத்தில் உட்கார்ந்து, எதிரே இருந்த பெண்மணி தும்மி முடிப்பதற்காகப் பொறுமையாகக் காத்திருந்தார். கீழே சுக்கும் மிளகும் இடிக்கும் நேரத்தில் யார் படியேறி வந்தாலும் முதலில் தும்மல், பிறகுதான் துயரம்.

"நான் ஜொவிட்டா சார். சாந்தோம். ஸ்கூல் டீச்சர்."

"உக்காருங்க டீச்சர். பையன் என்ன வேலையில இருக்கார்?" என்றார் இக்னேஷியஸ். அவரிடம் வருவதில் பாதிக்கு மேல் மாப்பிள்ளை விசாரணைதான்.

"பையன் இல்ல சார். வேன். செகண்ட் ஹேண்ட் வேன் ஒண்ணு வாங்கப் போறேன்."

ஜன்னலோரம் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்த தங்கபுஷ்பம் திரும்பினாள். "ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர். வெளிய பெயிண்ட் பளபளன்னு இருக்கும். இதுக்கு முன்னாடி எங்கெங்க சுத்துச்சுன்னு மட்டும் கேக்கக் கூடாதும்பாங்க."

தங்கபுஷ்பம் இக்னேஷியஸின் உதவியாளர். பூர்வீகம் சாத்தான்குளம். தி.நகரில் அவள் குடும்பத்துக்குப் பாத்திரக்கடை இருக்கிறது. கல்லாவில் உட்கார வைத்தபோது, குத்துவிளக்கு வாங்க வந்தவர்களிடம் எதற்கு, யாருக்கு, ஏன் இந்த வயதில் என்று குறுக்கு விசாரணை செய்து பாதிப் பேரை எதிர்க்கடைக்கு அனுப்பிவைத்தாள். வீட்டார் அவளை இங்கே அனுப்பிவைத்தார்கள். அலுவலகத்தில் பொய் சொல்லும் இலாகா முழுவதும் அவளிடம்தான். இக்னேஷியஸ் பொய் சொல்வதில்லை. ஒரு துப்பறிவாளருக்கு இது எவ்வளவு பெரிய ஊனம் என்று தங்கபுஷ்பம் அடிக்கடி சுட்டிக்காட்டுவாள்.

ஜொவிட்டா விஷயத்துக்கு வந்தார். கணவர் ஃபிரெட்ரிக். கோயில் பாடகர் குழுவில் வயலின் வாசித்தவர். இரண்டு வருஷத்துக்கு முன் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டது. சக்கர நாற்காலி. அதைவிடப் பெரிய கஷ்டம், அடிக்கடி பாத்ரூம் போயாக வேண்டும், சொல்லிக்கொண்டு வராது.

"வேளாங்கண்ணிக்கு வர்றேன்னு நேர்ந்திருக்கார் சார். கொடியேத்தத்துக்கு. பஸ், ரயில் எதுலயும் முடியாது. அதனாலதான் இந்த வேன். உள்ளேயே படுக்கை, அடுப்பு, பாத்ரூம், வென்னீர் எல்லாம் இருக்கு. அவர் நாற்காலியோட ஏறலாம். என்கிட்ட இருக்கற எல்லாத்தையும் இதுல போடுறேன். அது பரவாயில்ல." அவர் கைக்குட்டையை மடித்தார். "நேர்ந்துக்கிட்டாரே தவிர வெளிய கிளம்பப் பயம், எத்தனையோ கெஞ்சி சரின்னு சொல்ல வச்சிருக்கேன். வழியில அந்த பாத்ரூம் காலை வாரிச்சுன்னா, நாலு பேர் முன்னாடி அவர் அசிங்கப்பட்டாருன்னா, அப்புறம் ஜென்மத்துக்கும் வாசல்படி தாண்ட மாட்டார்."

தங்கபுஷ்பம் கடலை உரிப்பதை நிறுத்தியிருந்தாள்.

"மெக்கானிக் பாத்தாரா?" என்றார் இக்னேஷியஸ்.

"பாத்தார். இன்ஜின் தங்கம்ங்கறார். ஆனா சார், நான் மூணு தடவை போயிட்டேன். மூணு தடவையும் வேன் டாங்க்ல தண்ணி இல்ல. ஒரு தடவை லாரி வரல. ஒரு தடவை மோட்டார் ரிப்பேர். ஒரு தடவை கரண்ட் இல்ல."

"மெட்ராஸ்ல தண்ணி இல்லேங்கறதுல என்ன டீச்சர் அதிசயம்?" என்றாள் தங்கபுஷ்பம்.

"அதான், தங்கம், எனக்கு இடிக்குது," என்றார் இக்னேஷியஸ். "இந்த ஊர்ல யாரும் 'ஏன்'னு திருப்பிக் கேக்காத ஒரே சாக்கு அதுதான்."

"இன்னிக்கு நாலு மணிக்குள்ள சொல்லணுமாம் சார். இல்லன்னா கோயம்புத்தூர் பார்ட்டிக்குக் குடுத்துடுவாராம்."

"எல்லா வியாபாரத்துலயும் ஒரு கோயம்புத்தூர் பார்ட்டி இருக்கான்," என்றபடி தங்கபுஷ்பம் ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். "நான் இன்னும் ஒருத்தனையும் நேர்ல பாத்ததில்ல."

தங்கபுஷ்பம் வண்டி ஓட்டினால் பின்னால் உட்காருபவர்களுக்குப் பக்தி பெருகும். சைதாப்பேட்டைப் பாலம் வருவதற்குள் இக்னேஷியஸ் செபமாலையில் இரண்டு பத்துகளை முடித்திருந்தார்.

ஈக்காட்டுத்தாங்கலில் லேத்துப் பட்டறைகளுக்கு நடுவே ஒரு காலி மனை. 'கதிரேசன் கார்ஸ்' என்று பலகை. கார்கள் வரிசையாக நின்றன. ஓரத்தில் அந்த வேன். வெள்ளை நிறம், பூப்போட்ட ஜன்னல் திரை, கூரை மேல் கம்பிச் சட்டம். மனை முழுவதற்கும் நிழல் என்று இருந்தது அந்த வேனால் தரையில் விழுந்த பட்டை மட்டும்தான். அந்தப் பட்டையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, பக்கத்தில் செருப்பு, டிபன் பை. நாற்காலியில் காக்கிச் சட்டையின் மேல் பட்டனைத் திறந்துவிட்டு, அட்டையால் விசிறிக்கொண்டு ஒரு காவலாளி. சட்டைப் பையில் பொன்னுரங்கம் என்று பெயர் தைத்திருந்தது.

கதிரேசன் அலுவலக அறையிலிருந்து கும்பிட்டுக்கொண்டே வந்தார். நெற்றியில் திருநீறு, குரலில் தேன்.

"நாங்க ஜொவிட்டா டீச்சரோட சொந்தம்," என்றாள் தங்கபுஷ்பம். "இவங்க டீச்சருக்கு ஒண்ணுவிட்ட அண்ணன்."

இக்னேஷியஸ் இருமினார். கிறிஸ்துவுக்குள் எல்லாரும் சகோதரர்கள் என்பதால் இதைப் பொய்யில் சேர்க்க வேண்டியதில்லை என்று தம்மைத் தேற்றிக்கொண்டார்.

"அப்படியா, ரொம்ப சந்தோஷம். பாருங்க சார், நல்லாப் பாருங்க. ஒரே ஓனர். அடையாறு. ஐ.டி.ல பெரிய போஸ்ட். வண்டி ஈ.சி.ஆர். ரோட்டைத் தவிர வேற ரோடே பாத்ததில்ல. மிஞ்சிப் போனா மகாபலிபுரம். வண்டி இல்ல சார் இது, வீட்டுப் பொண்ணு."

வீட்டுப் பொண்ணின் பின்பக்க ஏணியில் தங்கபுஷ்பம் அதற்குள் ஏறியிருந்தாள். கூரைக் கம்பியின் முடிச்சிலிருந்து ஒரு கிழிந்த துணியை உருவிக்கொண்டு இறங்கினாள். வெளுத்த நீலம். அதில் மை அச்சில் எழுத்துகள்.

"ஆயுத பூஜைக்குக் கட்டினது மேடம்," என்றார் கதிரேசன்.

"ஆயுத பூஜைக்கு எங்க கடையில மாவிலைதான் கட்டுவோம். இது திபெத்து எழுத்து மாதிரி இருக்கு. மலை மேல கட்டுவாங்களே, மந்திரக் கொடி. மகாபலிபுரத்துல எந்த மலை?"

"இப்பல்லாம் பாண்டி பஜார்லயே விக்கிறான் மேடம். பைக் வச்சிருக்கற பசங்க எல்லாம் கட்டிக்கினு திரியறானுங்க. கோடம்பாக்கம் தாண்டாதவன்கூட கட்டறான்."

அது உண்மைதான். தங்கபுஷ்பம் துணியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

உள்ளே எல்லாம் பாந்தமாக இருந்தது. மடக்குப் படுக்கை, அடுப்பு, கையலம்பும் தொட்டி. பின்மூலையில் பாத்ரூம். கதவு அகலம். கைப்பிடிக் கம்பிகூட இருந்தது. ஃபிரெட்ரிக் அந்தக் கம்பியைப் பிடித்து எழுவதை இக்னேஷியஸ் மனத்துக்குள் பார்த்தார். இந்த வேன் நல்லதாக இருந்துவிடக் கூடாதா என்று அவருக்கு ஏக்கமாகக்கூட இருந்தது. துப்பறிவாளர்கள் இப்படி ஆசைப்படக் கூடாது. ஆனால் அவர் ஆசைப்பட்டார்.

பிறகு குழாயைப் பார்த்தார்.

"அடுப்பு பழசு. தொட்டி பழசு. திரை பழசு," என்றார். "குழாய் மட்டும் புதுசா இருக்கே?"

"வாங்கறவங்க நல்லா இருக்கட்டுமேன்னு மாத்தினேன் சார்."

இக்னேஷியஸ் குனிந்து தொட்டிக்குக் கீழே இருந்த சின்னக் கதவைத் திறந்தார். "பம்ப்பும் புதுசு."

"ஆமா சார்."

"வடிகட்டியும் புதுசு."

"மனசு கேக்கல சார்."

"மனசு கேக்காம மாத்தினது எல்லாமே தண்ணி போற பாதையா இருக்கே. அந்தக் கிழிஞ்ச சீட்டைப் பாத்து மனசு ஒண்ணும் சொல்லலியா?"

கதிரேசன் சிரித்தார். சிரிப்பு பாதியில் வழுக்கியது.

"கொஞ்சம் தண்ணி திறந்து காட்டுங்க சார்," என்றார் இக்னேஷியஸ்.

"அங்கதான் சார் நம்ம கெட்ட நேரம். இன்னிக்கும் லாரி வரல."

மதில் சுவருக்கு அந்தப் பக்கம் வாட்டர் வாஷ் கடையில் ஒரு கார் மீது தண்ணீர் சீறிப் பாயும் சத்தம் கேட்டது. எல்லாரும் கொஞ்ச நேரம் மரியாதையாக அதைக் கேட்டார்கள்.

"அது அவன் போர் தண்ணி சார்," என்றார் கதிரேசன். "நமக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை இல்ல."

தங்கபுஷ்பம் வரிசையில் நின்ற கார்களைக் காட்டினாள். எல்லாவற்றின் அடியிலும் தரை இன்னும் ஈரமாக இருந்தது. "பேச்சுவார்த்தை இல்லாமலே இத்தனை காரையும் கழுவிக் குடுத்தாரா? நல்ல மனுஷன் போலிருக்கு."

அந்த நேரம் பார்த்துக் கதிரேசனின் போன் அடித்தது. திரையைப் பார்த்து, "கோயம்புத்தூர்," என்று பக்தியோடு சொல்லிவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வெயில் தகதகத்தது. காவலாளி பொன்னுரங்கம் எழுந்தார். சோம்பல் முறித்தார். யாரையும் பார்க்காமல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் எதிர்ப்பக்கம் சிமெண்ட் மேடையில் போட்டார். திரும்பி வந்து செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, டிபன் பையை எடுத்து நாற்காலி மேல் வைத்தார். மேடையில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்த தண்ணீர் கேனை இழுத்துவந்து வேனின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், நிழலில் நிறுத்தினார்.

"இன்னா சார், தாகமா கீதா?" என்றார். "புது கேனு. இப்பத்தான் சீல் பிரிச்சேன். நான் போய் டீ அடிச்சிட்டு வந்துர்றேன். வேணும்ன்றத எடுத்துக்கோ நைனா. முழுசா எடுத்துக்கினாலும் நமக்கு ஒண்ணும் இல்ல."

கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

இக்னேஷியஸ் கேனைப் பார்த்தார். அதற்கு நேர் மேலே வேனின் பக்கவாட்டில் வட்டமான ஒரு மூடி இருந்தது. டாங்க்கில் தண்ணீர் நிரப்பும் வாய்.

"அண்ணாச்சி, குடிக்கத்தான சொன்னாரு," என்றாள் தங்கபுஷ்பம்.

"முழுசான்னு சொன்னாரே."

ஆனாலும் அவருக்குக் கை வரவில்லை. வெயிலில் நிற்கும் ஒருவருடைய அன்றைய குடிதண்ணீர். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர் அவர். பல் தேய்க்கும்போது குழாயை மூடாவிட்டால் அடி விழுந்த வீடு. கண்ணை மூடி ஒரு அருள்நிறை மரியே சொன்னார். பிறகு ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக் கேனைக் கவிழ்த்தார்கள். கடைசிச் சொட்டு வரை உள்ளே போனது.

தங்கபுஷ்பம் உள்ளே ஓடிப்போய் பம்ப் சுவிட்சைத் தட்டினாள்.

புதுக் குழாய் இரண்டு முறை ஏப்பம் விட்டது. மெல்லிசாக ஒரு கோடு தண்ணீர் வந்தது. அவள் கைதட்டப் போனபோது, சுவருக்குப் பின்னால் யாரோ அப்பளம் பொரிப்பது போல ஒரு சத்தம் கேட்டது. பாத்ரூம் சுவரின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்தது. தரை விரிப்பு மூச்சுவிடுவது போல மேலெழும்பியது. வேனுக்கு அடியில் ஒன்று, இரண்டு, நாலு இடத்தில் தாரை கட்டி ஊற்றி, எல்லாம் ஒன்றுகூடிச் சிறு ஓடையாக நிழல் பட்டை வழியே ஓடி, சரியாக நாற்காலி போட்டிருந்த இடத்தில் குளம் கட்டியது.

இக்னேஷியஸ் அந்தக் குளத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு எதிரே மேடையில் வெயிலில் நின்ற நாற்காலியைப் பார்த்தார்.

உள்ளே ஏறி, பாத்ரூம் பக்கத்துப் பலகையைத் தட்டினார். புதுப் பலகை. நாலே திருகு. தங்கபுஷ்பம் வண்டிச் சாவியாலேயே திருகிக் கழற்றினாள். பலகைக்குப் பின்னால் பஞ்சு சுற்றிய செப்புக் குழாய் ஒன்று வென்னீர் பெட்டிக்குப் போனது. இக்னேஷியஸ் பஞ்சைப் பிரித்தார்.

குழாய் நடுவில் வீங்கியிருந்தது, எலியை விழுங்கிவிட்டுப் படுத்திருக்கும் சாரைப்பாம்பு மாதிரி. வீக்கத்தின் முதுகில் ஒரு பிளவு. அதன் வழியாகத் தண்ணீர் விசிறியடித்தது.

"அண்ணாச்சி, எங்க கடைக்கு அடிபட்ட சொம்பு மாத்த வரும். எல்லாம் உள்பக்கமாத்தான் அமுங்கியிருக்கும்," என்றாள் தங்கபுஷ்பம் மெதுவாக. "இது வெளிய தள்ளியிருக்கு."

"உள்ளே இருந்து யாரு உடைச்சா?" என்றார் இக்னேஷியஸ்.

"என்னது?"

"ஒண்ணுமில்ல. லிசா கேட்டது."

வெளியே கதிரேசனின் குரல், தேன் இல்லாமல் கேட்டது. "யார் சார் தண்ணி ஊத்தினது?"

"நான்தான்," என்று இறங்கினார் இக்னேஷியஸ். "வாட்ச்மேன் தாகத்துக்கு எடுத்துக்கச் சொன்னார். அவரை ஒரு வார்த்தை கேக்காம நான் டாங்க்ல ஊத்திட்டேன்."

கதிரேசன் தண்ணீரைப் பார்த்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். "குழாய் கொஞ்சம் லூஸா இருக்கும் சார். ரோடு மேடு பள்ளம். ஆடி ஆடி..."

"ஆடினா மூட்டு கழலும். குழாய் நடுவுல குண்டாகாது. இது உறைஞ்சு வெடிச்சது. ஒரே ராத்திரியில எல்லாக் குழாயும் உறைஞ்சிருக்கு. பம்ப், தொட்டிக் குழாய், வடிகட்டி மூணும் கண்ணுல படுற இடம், அதனால மாத்திட்டீங்க. மிச்சத்துக்குப் பலகை அடிச்சிட்டீங்க."

"உறைஞ்சதா? மெட்ராஸ்ல எங்க சார் உறையும்? ஐஸ்கிரீமே கடையிலேர்ந்து வீட்டுக்கு வர்றதில்ல."

"அதனாலதான் மெட்ராஸ்ல எந்த மெக்கானிக்கும் இதைத் தேட மாட்டார்."

தங்கபுஷ்பம் கிழிந்த நீலத் துணியை அவர் முன் ஆட்டினாள். "கொடி பாண்டி பஜார்ல வாங்கினது இல்ல போலிருக்கே."

இக்னேஷியஸ் தொடர்ந்தார். குரலில் கோபம் இல்லை, துக்கம் விசாரிக்க வந்தவர் குரல் மாதிரி இருந்தது. "அடையாறுக்காரர் லடாக் பக்கம் போயிருக்கார். குளிர்ல. அங்க இருக்கற ஜனங்க கண்டிப்பா சொல்லியிருப்பாங்க, படுக்கறதுக்கு முன்னாடி டாங்க்கைத் திறந்து எல்லாத் தண்ணியையும் வெளிய விட்டுடுன்னு. காலியான குழாய் வெடிக்காது. ஆனா இவர் விட்டிருக்க மாட்டார்."

"ஏன் அண்ணாச்சி?" என்றாள் தங்கபுஷ்பம்.

"லாரிக்கு போன் போட்டு, குடம் குடமாப் பிடிச்சு வச்சு, பக்கத்து வீட்டோட மோட்டார் சண்டை போட்டு வளர்ந்த ஊர் தங்கம். ரொம்பி நிக்கிற ஒரு டாங்க்கைத் திறந்து ரோட்டுல கொட்டச் சொன்னா, மெட்ராஸ்காரனுக்குக் கை வருமா? எனக்கே ஒரு கேனைக் கவுக்கக் கை வரல."

கதிரேசன் சட்டென்று ஈரத்திலேயே வேன் படியில் உட்கார்ந்தார். சிரிக்க ஆரம்பித்தார். அழுகையோடு கலந்த சிரிப்பு.

"கம்பளி சார். அந்த ஆள் டாங்க்குக்குக் கம்பளி சுத்தியிருக்கான். கைக்குழந்தைக்குச் சுத்தற மாதிரி. காசு கைக்குப் போனப்புறம் போன்ல சொல்றான், அப்பவே கொஞ்சம் லீக் சார், ஆனா நான் நல்லாத்தான் போத்திவிட்டேன்னு. நானும் இன்ஜினைத்தான் சார் பாத்தேன். இருபது வருஷமா வண்டி விக்கிறேன். குழாய்க்குக் குளிருமான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"உங்களை ஏமாத்தினாங்க, அதனால டீச்சர ஏமாத்தலாம்னு பாத்தீங்க."

"தப்புதான்," என்றார் கதிரேசன். அடுத்த நொடியே அவர் கண் சுருங்கியது. "ஆனா சார், டாங்க்கைத் தேடி வந்து தண்ணி ஊத்துன மாதிரி இருக்கே. எவனோ சொல்லியிருக்கான். உள்ளாள் எவன்?"

கேட்டில் பொன்னுரங்கம் டீ டம்ளரோடு நுழைந்துகொண்டிருந்தார். கதிரேசனின் பார்வை அந்தப் பக்கம் திரும்பியது. தங்கபுஷ்பம் ஏதோ சொல்ல வாய் திறந்தாள். அவள் கால் மேல் இக்னேஷியஸின் செருப்பு அழுத்தமாக ஏறி நின்றது.

"உள்ளேயிருந்து யாரு உடைச்சான்னு ஒரு சின்னப் பொண்ணு கேட்டுச்சு," என்றார் அவர். "அப்ப ஆறு வயசு. தீர்த்த பாட்டிலை ஃப்ரீசர்ல வச்சு உடைச்சா. என் பொண்ணு. வேணும்னா போன் போட்டுத் தரேன், கேட்டுக்குங்க."

கதிரேசன் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். பொய் சொல்லிப் பழகாத முகத்தில் பொய்யைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம்.

"இன்னா சார் இது," என்றார் அருகே வந்த பொன்னுரங்கம், தண்ணீரைப் பார்த்து. "மழை பேஞ்ச மாதிரி கீது?"

"ஒரு கேனைப் பாத்துக்க வக்கில்ல உனக்கு," என்றார் கதிரேசன். "போய்த் துடைப்பத்தை எடுத்துனு வா."

தங்கபுஷ்பம் காலை மெல்ல விடுவித்துக்கொண்டாள். "சரி சார், அந்தக் கோயம்புத்தூர் பார்ட்டி நம்பரைக் குடுங்க. வேன்ல ஷவர் நாலு பக்கமும் வேலை செய்யுதுன்னு நானே சொல்லிடறேன்."

கதிரேசன் தரையைப் பார்த்தார். "அப்படி ஒரு பார்ட்டி இல்ல மேடம்."

"தெரியும். உங்க வாயால கேக்கணும்னு ரொம்ப நாள் ஆசை."

"அப்ப உள்ள யார் கூட பேசினீங்க?" என்றார் இக்னேஷியஸ்.

"வீட்டுல சார். வெண்டைக்காய் வாங்கிட்டு வரச் சொன்னா."

இக்னேஷியஸ் வேன் படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் பேண்ட்டும் நனைந்தது. ஃபிரெட்ரிக்கைப் பற்றிச் சொன்னார். வயலின், நேர்த்தி, அந்தக் கைப்பிடிக் கம்பி. எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

"பாத்ரூமுக்காகவா வாங்கறாங்க?" கதிரேசன் கேட்டார். "ஊர் சுத்தத்தான்னு நினைச்சேன். டீச்சர் சொல்லவே இல்லியே."

"அதையெல்லாம் சொல்லித்தான் நல்ல பொருள் வாங்கணுமா?"

கதிரேசன் எழுந்து போய்ப் பிளவுபட்ட குழாயை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வந்தார். "பழைய லைன் பூராவும் பிடுங்கிப் போட்டுட்டுப் புதுசா இழுத்துடறேன் சார். வென்னீர் பெட்டி, பாத்ரூம், எல்லாம் என் செலவு. டாங்க் ரொப்பி, ஒரு ராத்திரி முழுக்க நிறுத்தி, காலையில அடியில காகிதம் போட்டுக் காட்டறேன். காகிதம் நனைஞ்சா டீச்சர் ஒரு பைசா குடுக்க வேணாம். கொடியேத்தத்துக்கு முன்னாடி முடிச்சுடுவேன்."

"எங்க அண்ணாச்சி நம்பிடுவாங்க," என்றாள் தங்கபுஷ்பம். "நான் வாராவாரம் வந்து பாப்பேன்."

இக்னேஷியஸ் ஜொவிட்டாவுக்கு போன் போட்டார். மறுமுனையில் பள்ளிக்கூட மணி அடித்தது. "வேணாமா சார்?" என்று கேட்ட குரலில் எல்லாம் வற்றியிருந்தது.

"வேணும் டீச்சர். இன்னிக்கு வேணாம். உங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லுங்க, போறோம்னு."

திரும்பும் வழியில் சைதாப்பேட்டை சிக்னலில் தங்கபுஷ்பம் கேட்டாள். "என் கால் நசுங்கினதுக்குக் காரணம் சொல்லிடுங்க. நான் வாட்ச்மேன் நல்லவருன்னுதான் சொல்ல வந்தேன்."

"அதைச் சொல்லியிருந்தா அவருக்கு வேலை போயிருக்கும்."

"ஒரு கேன் தண்ணி குடுத்ததுக்கா?"

"தங்கம், ஜூன் மாசம், உச்சி வெயில்ல, நிழல்ல இருந்த நாற்காலியைத் தூக்கிட்டுப்போய் வெயில்ல போடுற மனுஷனை நீ மெட்ராஸ்ல எங்கேயாவது பாத்திருக்கியா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவள் நகரவில்லை.

"நாற்காலி, டிபன் பை, செருப்பு," என்றார் இக்னேஷியஸ். "நனையக் கூடாத எல்லாத்தையும் நகத்திட்டார். நனையற இடத்துக்கு கேனை இழுத்துட்டு வந்தார். அதுவும் டாங்க் மூடிக்கு நேர் கீழ. தண்ணி எங்க வந்து நிக்கும்னு அவருக்குத் தெரியும். முதல் தடவை கதிரேசன் ஊத்திப் பாத்தப்ப, துடைச்சவரே அவராத்தான் இருக்கும். டீச்சர் மூணு தடவை வந்து ஏமாந்து போறதையும் பாத்திருக்கார். வாயால சொல்ல முடியாது. அதான் குடிக்க வச்சிருந்த தண்ணியைக் குடுத்தார்."

தங்கபுஷ்பம் சிக்னல் தாண்டி, நந்தனம் தாண்டி, தேனாம்பேட்டை வரை ஒன்றும் பேசவில்லை. அவள் வரலாற்றில் அது சாதனை.

"அப்ப நம்ம போய் ஒரு நன்றியாவது..."

"சொன்னா காட்டிக்குடுத்த மாதிரி ஆயிடும்."

மறுநாள் அதிகாலைப் பூசை முடிந்ததும் இக்னேஷியஸ் வீட்டுக்குப் போகவில்லை. ஒரு தண்ணீர் கேனை வாங்கி ஆட்டோவில் தம் மடியோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஈக்காட்டுத்தாங்கலில் பட்டறைகள் இன்னும் திறக்கவில்லை. மனையின் கேட் ஒருக்களித்திருந்தது. அலுவலக அறைக்குப் பின்னாலிருந்து யாரோ வாய் கொப்பளிக்கும் சத்தமும், நடுநடுவே ஒரு பழைய பாட்டும் கேட்டன.

கேனைத் தோளில் ஏற்றியதும் பெல்ட் தொப்பைக்குக் கீழே இறங்கியது. டோரதி பார்த்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார். சத்தமில்லாமல் நடந்து வேனுக்கு அருகே வந்தார். குளம் கட்டியிருந்த இடம் காய்ந்திருந்தது. நாற்காலி பழைய இடத்துக்கே திரும்பியிருந்தது. காலை வெயில் இப்போதே அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது.

சூரியனைப் பார்த்தார். வேனைப் பார்த்தார். மத்தியானம் நிழல் எந்தப் பக்கம் விழும் என்று தரையில் விரலை நீட்டிக் கணக்குப் பார்த்தார். கேனைச் சீல் பிரிக்காமல் அந்த இடத்தில் வைத்தார். கொப்பளிக்கும் சத்தம் நின்றபோது அவர் கேட்டைத் தாண்டியிருந்தார்.